மன்ஹாட்டன் வழக்கறிஞர் அலுவலகமும் வாஷிங்டன் பணமும்

2023 மார்ச் மாதம். நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதிக்கான மாவட்ட அட்டர்னி (குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞர்) அலுவலகத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மூன்று குழுத் தலைவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. டொனால்ட் டிரம்ப் மீதான விசாரணை பற்றிப் பல கேள்விகள் அதில் இருந்தன. மத்திய அரசு கொடுக்கும் பணத்தை இந்த விசாரணைக்குச் செலவழித்தீர்களா என்பதும் அவற்றில் ஒன்று. மாதக் கடைசியில் பதில் போனது. 2019 அக்டோபர் முதல் 2021 ஆகஸ்ட் வரை, டிரம்ப்பையும் அவருடைய நிறுவனத்தையும் விசாரித்த வகையில் செலவான மத்தியப் பணம் சுமார் 5,000 டாலர். அதிலும் பெரும்பகுதி, டிரம்ப்பே தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன ஒரு வழக்கில் எதிர்வாதம் செய்ததற்கான செலவு.

இதை ஒட்டிய வாரங்களில் அரிசோனாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஆண்டி பிக்ஸ் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். மன்ஹாட்டன் மாவட்ட அட்டர்னி அலுவலகத்துக்கு இனி மத்திய அரசின் பணம் எதுவும் போகக்கூடாது என்பதுதான் அதன் சாரம். மசோதாவின் நீண்ட ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'ஆல்வின்' என்று வரும். அப்போதைய மாவட்ட அட்டர்னியின் பெயர் ஆல்வின் பிராக். குறி யார் என்பதை மசோதாவின் பெயரே சொல்லிவிட்டது.

ஒரு நாட்டின் நாடாளுமன்றம் ஒரு உள்ளூர் வழக்கறிஞர் அலுவலகத்தைப் பெயர் சொல்லி, பணத்தை நிறுத்த முடியுமா? முதலில், உள்ளூர் அலுவலகத்துக்கு வாஷிங்டனிலிருந்து பணம் வருவது ஏன்? நிறுத்தினால் யாருக்கு வலிக்கும்? இந்த மூன்று கேள்விகளையும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

தேர்தலில் ஜெயித்து வரும் அரசு வழக்கறிஞர்

'அரசு வழக்கறிஞர்' என்றதும் அரசாங்கம் நியமிக்கிற ஒருவர்தான் நம் மனதில் வருவார். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அப்படி இல்லை. கொலை, கொள்ளை, மோசடி போன்ற குற்றங்களில் பெரும்பாலானவை அங்கே மாநிலச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்த வழக்குகளை நடத்துபவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாவட்ட அட்டர்னி. அலாஸ்கா, கனெக்டிகட், நியூ ஜெர்ஸி மாதிரி சில மாநிலங்களில் மட்டும்தான் நியமன முறை.

நியூயார்க் நகரத்தில் ஐந்து பகுதிகள், ஐந்துக்கும் தனித்தனி மாவட்ட அட்டர்னி. பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். மன்ஹாட்டனில் ராபர்ட் மார்கென்தாவ் 1975 முதல் 2009 வரை இருந்தார். அடுத்து சைரஸ் வான்ஸ் ஜூனியர். 2022 ஜனவரியில் ஆல்வின் பிராக், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்.

மேலே சொன்ன தேதிகளை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அந்த 5,000 டாலர் செலவானது 2019க்கும் 2021க்கும் நடுவில். அப்போது பிராக் பதவியிலேயே இல்லை. இந்த ஒரு விவரம் அன்றைய கூச்சலில் கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது.

இந்த மாவட்ட அட்டர்னிக்கு அமெரிக்க அதிபரோ மத்திய நீதித்துறையோ மேலதிகாரி இல்லை. மத்திய அரசுக்கு என்று தனி வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை நியமிப்பவர் அதிபர், அவர்கள் நடத்துவது மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகள். இரண்டும் தனித்தனித் தண்டவாளங்கள். மன்ஹாட்டன் அட்டர்னி நடத்தும் வழக்கை வாஷிங்டன் நேரடியாக நிறுத்தச் சொல்ல முடியாது. அப்படியானால் வாஷிங்டன் கையில் எஞ்சியிருக்கும் பிடி எது? பணம்.

பணம் எந்த வழியாக வருகிறது

மன்ஹாட்டன் அலுவலகத்தின் செலவில் பெரும்பங்கைத் தருவது நியூயார்க் நகர அரசு. மத்தியப் பணம் அதற்கு மேல் ஒரு சிறு சேர்க்கைதான். அது வருவது இரண்டு வழிகளில்.

முதல் வழி மானியங்கள். அந்த அலுவலகம் அனுப்பிய பதில் கடிதம் மூன்று மானியங்களைக் குறிப்பிட்டது. பெண்களுக்கு எதிரான வன்முறை வழக்குகளுக்காக 50,000 டாலர். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவும் திட்டத்துக்குச் சுமார் 5.8 லட்சம் டாலர். உள்ளூர் நீதி நிர்வாகத்துக்கான பொது மானியம் சுமார் 2 லட்சம் டாலர். இந்த மானியங்களிலிருந்து டிரம்ப் வழக்குக்கு எதுவும் செலவாகவில்லை என்றும் கடிதம் சொன்னது.

இந்த மானியங்களின் பின்கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. அதில் சேர்வது பொதுமக்கள் கட்டும் வரிப்பணம் இல்லை. மத்திய வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் கட்டும் அபராதம்தான் அந்தக் கல்லாவை நிரப்புகிறது. அது மாநிலங்கள் வழியாகக் கீழே இறங்கி, நீதிமன்றத்துக்கு வரவே பயப்படும் ஒரு பெண்ணுக்குத் துணையாக ஆள் அனுப்பவும், கொலையுண்டவரின் குடும்பத்துக்கு ஆலோசனை சொல்லவும் பயன்படுகிறது. பெண்கள் வன்முறைத் தடுப்பு மானியம் 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. அதில் குறைந்தது நாலில் ஒரு பங்கு அரசு வழக்கறிஞர்களுக்குப் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

மூன்றாவதற்கு எட்வர்ட் பைர்ன் என்ற இளம் நியூயார்க் போலீஸ்காரரின் பெயர். 1988 பிப்ரவரியில் குவீன்ஸ் பகுதியில், போதைப்பொருள் கும்பலுக்கு எதிராகப் புகார் கொடுத்த ஒருவரின் வீட்டுக்குக் காவல் இருந்தபோது, காரில் உட்கார்ந்திருந்த அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சாட்சியைக் காக்கப் போய் உயிர்விட்டவரின் பெயரில் உள்ள பணம் அது. இந்த மானியத்தில் ஒவ்வொரு மாநிலத்தின் பங்கிலும் 60 சதவீதம் மாநில அரசுக்கும் 40 சதவீதம் நேரடியாக உள்ளூர் அரசுகளுக்கும் போகிறது. மக்கள்தொகையையும் வன்முறைக் குற்ற எண்ணிக்கையையும் வைத்து ஒரு சூத்திரப்படி கணக்கிடுகிறார்கள்.

இரண்டாம் வழி பறிமுதல் பணம். மத்திய விசாரணை அமைப்புகளோடு சேர்ந்து உள்ளூர் அலுவலகம் ஒரு வழக்கில் உழைத்து, குற்றத்தில் சம்பாதித்த சொத்து பறிமுதலானால், அதில் ஒரு பங்கு உள்ளூர் அலுவலகத்துக்கும் வரும். கூலியில் பங்கு மாதிரி. கடந்த 15 ஆண்டுகளில் 100 கோடி டாலருக்கு மேல் பறிமுதல் பணம் மத்திய அரசுக்குக் கிடைக்க உதவியிருக்கிறோம், அதில் ஒரு சிறு பங்குதான் எங்களுக்கு வருகிறது என்று மன்ஹாட்டன் அலுவலகம் எழுதியது. சர்ச்சைக்குரிய 5,000 டாலரும் இந்தப் பங்கிலிருந்து செலவானதுதான்.

நாடாளுமன்றம் எப்படி நிறுத்தும்

அமெரிக்க அரசியலமைப்பு பணப்பையை நாடாளுமன்றத்தின் கையில் கொடுத்திருக்கிறது. சட்டத்தின் வழியே ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலரும் வெளியே போகக்கூடாது. ஆகவே பணம் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் நாடாளுமன்றத்தின் உரிமை. இதில் சந்தேகம் இல்லை.

நிறுத்த வேண்டுமானால் தனி மசோதா கொண்டுவரலாம், பிக்ஸ் செய்ததைப் போல. அது பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும் நிறைவேறி அதிபரின் கையெழுத்தைப் பெற வேண்டும். செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வருவதற்கே 100 பேரில் 60 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். 2023இல் செனட் ஜனநாயகக் கட்சியின் கையில், அதிபர் ஜோ பைடன். இந்த மசோதா சட்டமாகாது என்பது கொண்டுவந்தவருக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொரு வழி, வருடாந்திர நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு வரியைச் செருகுவது. இதை அங்கே 'ரைடர்' என்கிறார்கள், பெரிய வண்டியில் தொற்றிக்கொண்டு போகும் பயணி என்று வைத்துக்கொள்ளலாம். 'இந்தச் சட்டத்தில் ஒதுக்கும் பணம் எதையும் இன்னின்ன காரியத்துக்குச் செலவிடக் கூடாது' என்று ஒற்றை வாக்கியம் போதும். ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்களே மூடிக்கிடக்கும் என்பதால், ஒட்டிக்கொண்ட வாக்கியத்தை உதறுவது கடினம். 2023 ஆகஸ்டில் ஜார்ஜியாவின் ஆண்ட்ரூ கிளைட் இந்த வழியைத்தான் கையில் எடுத்தார். டிரம்ப் மீது வழக்குத் தொடுத்த பிராக், ஜார்ஜியாவின் ஃபுல்டன் மாவட்ட அட்டர்னி ஃபானி வில்லிஸ், மத்திய அரசின் சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் ஆகிய மூவரின் வழக்குகளுக்கும் பணம் போகாமல் தடுக்கும் திருத்தங்களை முன்மொழியப்போவதாக அறிவித்தார்.

மூன்றாவது வழி கொஞ்சம் நுட்பமானது. யாரையும் பெயர் சொல்லாமல் பொதுவாக எழுதுவது. அதே 2023இல் வந்த இன்னொரு மசோதா, மாநில, உள்ளூர் அமைப்புகள் பறிமுதல் பணத்தை அதிபர், துணை அதிபர், அதிபர் வேட்பாளர் ஆகியோர் மீதான விசாரணைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. யாரை மனதில் வைத்து எழுதியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுத்தில் எந்தப் பெயரும் இல்லை. இந்த வித்தியாசம் நீதிமன்றத்தில் மிகப் பெரியது.

நிபந்தனை வேறு, தண்டனை வேறு

பணத்தோடு நிபந்தனை போடும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1987ஆம் ஆண்டின் தெற்கு டகோட்டா வழக்கு. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்க அனுமதிக்கும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தைப் பிடித்துவைக்கச் சொன்ன சட்டம் அது. உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால் வரம்புகளும் வகுத்தது. நிபந்தனை பொதுநலனுக்காக இருக்க வேண்டும், தெளிவாக முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், கொடுக்கும் பணத்தின் நோக்கத்தோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், மாநிலத்தை மூச்சுத் திணறவைக்கும் அளவுக்குப் போகக்கூடாது.

மூச்சுத் திணறல் எது என்பது 2012இல் தெரிந்தது. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை விரிவாக்க மறுத்தால் ஏற்கெனவே வரும் மருத்துவ நிதி முழுவதையும் இழக்க நேரிடும் என்று மாநிலங்களிடம் சொன்னார்கள். அது ஒரு மாநில பட்ஜெட்டில் 10 சதவீதத்துக்கும் மேல். இது தலையில் துப்பாக்கி வைப்பது மாதிரி என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார்.

இந்த அளவுகோலில் மன்ஹாட்டன் விஷயத்தை வைத்துப் பார்த்தால், தொகை சின்னது, திணறல் என்று வாதாடுவது சிரமம். தொடர்பு என்ற வரம்புதான் கேள்விக்குரியது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு உதவும் பணத்துக்கும் வணிக ஆவணங்களில் பொய் எழுதியதாக ஒரு முன்னாள் அதிபர் மீது போட்ட வழக்குக்கும் என்ன சம்பந்தம்?

சரி, இதைவிடச் சுவையான ஒரு கேள்வி இருக்கிறது. விசாரணை இல்லாமல், நீதிமன்றம் இல்லாமல், ஒருவரைக் குறிப்பிட்டுத் தண்டிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவே கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் முதல் கூறிலேயே தடை இருக்கிறது. பழைய இங்கிலாந்தில் நாடாளுமன்றம் வாக்கெடுத்தே ஆட்களின் தலையை வாங்கிய வரலாறு உண்டு. அந்த அனுபவம் தங்களுக்கு வேண்டாம் என்று எழுதிவைத்தார்கள்.

பணத்தை நிறுத்துவது தண்டனை ஆகுமா? இதற்குப் பதில் சொன்னது 1946ஆம் ஆண்டின் லவெட் வழக்கு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மார்ட்டின் டைஸ், அரசு ஊழியர்களில் பலரை நாசவேலைக்காரர்கள் என்று பட்டியலிட்டுப் பேசினார். கடைசியில் மூன்று பேர் சிக்கினார்கள். ராபர்ட் லவெட், குட்வின் வாட்சன், வில்லியம் டாட் ஜூனியர். 1943ஆம் ஆண்டின் அவசர நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. நவம்பர் 15க்குப் பிறகு இந்த மூவருக்கும் சம்பளம் கிடையாது, செனட் ஒப்புதலோடு அதிபர் மறுபடி நியமித்தாலொழிய. போர்க்காலப் பணம் உடனே தேவைப்பட்டதால் அதிபர் ரூஸ்வெல்ட் மனமில்லாமல் கையெழுத்துப் போட்டார். ரைடரின் பலம் எது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆனால் அவர்களுடைய அலுவலகங்கள் அவர்களை வேலையை விட்டு அனுப்பவில்லை. சம்பளம் இல்லாமலே வேலையைத் தொடர்ந்தார்கள். பிறகு பாக்கிச் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். இது வெறும் நிதி ஒதுக்கீட்டு விவகாரம் இல்லை, மூன்று பேரைப் பெயர் சொல்லி விசாரணை இல்லாமல் தண்டித்தது என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. பணப்பை கையில் இருக்கிறது என்பதற்காக நீதிபதியின் நாற்காலியில் உட்கார முடியாது.

இதை வைத்து ஆல்வின் மசோதாவும் நிற்காது என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. எதிர்ப்பக்கத்திலும் தீர்ப்புகள் இருக்கின்றன. 2009இல் ஏழைகள் நலனுக்காக வேலைசெய்த ஏக்கார்ன் என்ற அமைப்பின் பெயரைக் குறிப்பிட்டே நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. கீழ் நீதிமன்றம் தடை போட்டது. 2010இல் நியூயார்க் மாநிலத்துக்கும் பொறுப்பான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, இது தண்டனை ஆகாது என்றது. அந்த அமைப்பின் வருமானத்தில் மத்தியப் பணம் 10 சதவீதம்தான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதற்குள் அமைப்பு கிட்டத்தட்டக் கலைந்தே போயிருந்தது. நீதிமன்றங்களின் வேகம் அப்படி. அப்புறம் 1966இல் உச்ச நீதிமன்றம், இந்தப் பாதுகாப்பு தனி ஆட்களுக்கும் தனியார் அமைப்புகளுக்கும்தான், மாநில அரசுகள் இதைக் கோர முடியாது என்று சொல்லியிருக்கிறது. மாவட்ட அட்டர்னி அலுவலகம் ஒரு அரசு அலுவலகம் என்பதால் இந்தத் தீர்ப்பு அதற்கு எதிராக நிற்கும்.

ஆக, சட்டப்படி இது வழுக்குப் பாறை. எந்தப் பக்கமும் நிச்சயமாக நிற்க முடியாது. மாநில அதிகாரிகளை மத்திய அரசு நேரடியாக வேலை வாங்கக் கூடாது என்று 1997இல் ஒரு துப்பாக்கிச் சட்ட வழக்கில் வந்த தீர்ப்பும் இங்கே முழுதாகக் கைகொடுக்காது. உத்தரவு போடுவதைத்தான் அது தடுக்கிறது. பணம் தராமல் இருப்பது அதில் வராது.

யாருக்கு வலிக்கும்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது சட்ட நுணுக்கம் இல்லை. அம்பு ஒருவரைக் குறிவைத்து, வேறு யார் மீதோ தைப்பதுதான். மத்தியப் பணம் மொத்தமும் நின்றிருந்தாலும் டிரம்ப் வழக்கு ஒரு நாள்கூடத் தாமதமாகியிருக்காது. அந்த வழக்கு நகர அரசின் பணத்தில் நடந்தது. நின்றிருந்தால் குறைந்திருப்பது சாட்சிகளுக்கான உதவி, வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான வழக்கறிஞர் நேரம். 2019 முதல் 2021 வரையிலான 5,000 டாலருக்காக, அந்த விசாரணை பற்றிக் கேள்விப்பட்டே இராத மனிதர்கள் விலை கொடுத்திருப்பார்கள்.

பிராக் தொடுத்த வழக்கைப் பற்றி நியாயமான விமரிசனங்கள் இருந்தன. வணிக ஆவணங்களில் பொய் எழுதிய குற்றத்தைப் பெருங்குற்றமாக உயர்த்த அவர் பயன்படுத்திய சட்ட வாதத்தை, டிரம்ப்பை ஆதரிக்காத சட்ட நிபுணர்கள் சிலரே கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்கலாம், கேட்க வேண்டும். உள்ளூர் வழக்கறிஞர் கையில் இருக்கும் அதிகாரம் சாதாரணமானது இல்லை. யார் மீது வழக்குப் போடுவது, யாரை விடுவது என்று முடிவு செய்யும் ஒருவரைக் கண்காணிக்க ஆள் வேண்டும். மத்தியப் பணம் எப்படிச் செலவாகிறது என்று நாடாளுமன்றம் கணக்குக் கேட்பதும் தவறு இல்லை. கணக்கு சரியில்லை என்றால் தணிக்கை செய்து, தவறாகச் செலவான தொகையைத் திருப்பிக் கேட்க ஏற்கெனவே விதிகள் இருக்கின்றன. கணக்கு கேட்பதும், ஒரு குறிப்பிட்ட வழக்கைத் தொடுத்ததற்காகக் கல்லாவை மூடுவதும் ஒன்றாகாது. நாளைக்கு வேறு கட்சிக்குப் பெரும்பான்மை வந்து, டெக்சாஸில் ஒரு மாவட்ட அட்டர்னி தொடுத்த வழக்கு பிடிக்காமல் போனால் அதே ஆயுதம் அங்கே பாயும்.

கண்காணிக்க வேறு வழிகள் இருக்கின்றன. முதலாவது நீதிமன்றம். குற்றச்சாட்டு ஆதாரமில்லாதது என்றால் நீதிபதி தள்ளுபடி செய்யலாம், ஜூரி விடுவிக்கலாம், மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறலாம். இரண்டாவது, நியூயார்க் மாநில அரசியலமைப்பு ஆளுநருக்கு ஓர் அதிகாரம் தந்திருக்கிறது. குற்றச்சாட்டுகளை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல வாய்ப்பும் கொடுத்த பிறகு, ஒரு மாவட்ட அட்டர்னியை ஆளுநர் பதவியிலிருந்து நீக்கலாம். 2022 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் லீ செல்டின், ஜெயித்தால் முதல் நாளே பிராக்கை நீக்குவேன் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார். தோற்றுப்போனார். மூன்றாவது வழி மன்ஹாட்டன் வாக்காளர்களின் கையில் இருக்கிறது.

ஆல்வின் மசோதா சட்டமாகவில்லை. 2025 ஜனவரி தொடக்கத்தில் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்தபோது, நிறைவேறாத மற்ற மசோதாக்களோடு அதுவும் காலாவதியானது. வழக்கு அதன் போக்கில் நடந்தது. 2024 மே 30 அன்று ஜூரி 34 குற்றச்சாட்டுகளிலும் டிரம்ப் குற்றவாளி என்றது. 2025 ஜனவரி 10 அன்று, சிறையோ அபராதமோ இல்லாமல் நீதிபதி வழக்கை முடித்துவைத்தார். பத்து நாள் கழித்து டிரம்ப் மறுபடி அதிபரானார். அதே ஆண்டு நவம்பரில் மன்ஹாட்டன் வாக்காளர்கள் பிராக்கை இன்னொரு நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.